பால் பல் ஆடுதா? உள்ளங்கையையும் காட்டுங்க

சொத்தைப் பல் கேள்விகளுக்குப் போன மாதமே பதில் சொல்லியாச்சு. அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சில வேறு மாதிரி இருந்தன. பல்லில் சொத்தையே இல்லை, ஆனால் பல் ஆடுகிறது, விழுகிறது, ஈறு வீங்கிச் சீழ் வருகிறது, பிள்ளைக்கு வயசு மூணோ நாலோதான். இது தெருவுக்கு ஒருத்தருக்கு வருகிற நோய் இல்லை. ஆனால் வந்துவிட்டால் பல் டாக்டரோடு முடிகிற விஷயமும் இல்லை. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க ஈறுக்குத்தான்.

டாக்டருங்க, நாங்க காங்கயம் பக்கம். பையனுக்கு மூணரை வயசு. கீழ்ப்பல் ரெண்டும் தைப்பொங்கலுக்கு முன்னாடியே விழுந்துருச்சு, இப்ப மேல்பல்லும் ஆடுது. ஈறு செக்கச்செவேல்னு வீங்கிக் கெடக்கு, பல்லு விளக்குனா ரத்தம், பக்கத்துல படுக்க முடியாத அளவுக்கு வாய் நாத்தம். சிரப் குடுத்தா கொஞ்ச நாள் அடங்குது, மறுபடி வருது. மாமியார், "சீக்கிரம் விழுந்தா சீக்கிரம் மொளைக்கும், உடு" ங்கறாங்க. இதுக்குச் சம்பந்தம் இருக்குதான்னு தெரியலைங்க, ஒண்ணரை வயசுல இருந்தே அவனுக்கு உள்ளங்காலும் உள்ளங்கையும் தடிச்சு வெடிச்சிருக்கு. காட்டுல வெறுங்கால்ல ஓடறதுனாலன்னு நெனச்சோம். வீட்டுக்காரர் எனக்குச் சொந்தத் தாய்மாமன்தான்.
— பெயர் வேண்டாம்

அம்மிணி, "சம்பந்தம் இருக்குதான்னு தெரியலை" என்று போகிற போக்கில் எழுதினீர்களே, அந்த வரிக்காகத்தான் உங்கள் கடிதத்தை முதலில் எடுத்தேன். வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைக்குக் கால் வெடிக்கலாம், சரி. கை ஏன் வெடிக்க வேண்டும்? கையால் ஓடுகிற பிள்ளை எந்த ஊரிலும் இல்லையே.

முதலில் பல்லை முடித்துவிடுகிறேன். கீழ் முன்பல் விழுகிற வயசு ஆறு, ஏழு. அஞ்சு வயசில் விழுவதும் சில வீடுகளில் உண்டு. அடியில் நிரந்தரப் பல் மேலே ஏறி வரும்போது பால் பல்லின் வேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், கடைசியில் வேரே இல்லாமல் தொப்பி மட்டும் கையில் வரும். மூணு வயசில் அடியில் எந்தப் பல்லும் ஏறி வரவில்லை. அப்படியும் விழுகிறது என்றால், கீழே விழுந்து அடிபடாத பட்சத்தில், பெரும்பாலும் பல்லைப் பிடித்திருக்கிற எலும்பு கரைந்துவிட்டது என்று அர்த்தம். வாய்க்கால் கரையில் மண் அரித்துப் போன தென்னை மாதிரி, மரத்துக்கு ஒரு குறையும் இருக்காது, நிற்க மண் இருக்காது. மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். சீக்கிரம் விழுந்தது என்பதற்காகப் புதுப் பல் சீக்கிரம் வரப்போவதில்லை, அது தன் வயசுக்குத்தான் வரும்.

இப்போது கைக்கு வருகிறேன். ஈறு நோயும், உள்ளங்கை உள்ளங்கால் தடிப்பும் சேர்ந்து ஒரே பிள்ளைக்கு வந்தால், பாப்பியோன் லெஃபேவ்ர் என்ற ஒரு பரம்பரை நோயை முதலில் சந்தேகிக்க வேண்டும். 1924-இல் இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதி வைத்தது, அவர்கள் பெயரிலேயே நிற்கிறது. பத்து லட்சம் பேரில் ஒருவர் முதல் நாலு பேர் வரை என்கிறார்கள், அவ்வளவு அபூர்வம். அதனாலேயே ஊர்ப் பல் டாக்டர் பலருக்கு நேரில் பார்த்த அனுபவம் இருக்காது. அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, உங்கள் பையன் வாயைக் காட்டியிருப்பீர்கள், காலைக் காட்டியிருக்க மாட்டீர்கள். செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக் காட்டுங்கள். முழங்காலிலும் முழங்கையிலும் அதே மாதிரி தடிப்பு இருக்கிறதா என்று வீட்டிலேயே ஒரு தடவை வெளிச்சத்தில் பாருங்கள்.

உள்ளே நடப்பது இதுதான். கிருமியை எதிர்க்கிற வெள்ளையணுக்களுக்குள் சில நொதிகள் உண்டு, அவற்றைச் செயல்பட வைப்பது கெத்தெப்சின் சி என்ற இன்னொரு நொதி. அதற்கான மரபணுவில்தான் பழுது என்று 1999-இல் கண்டுபிடித்தார்கள். எல்லார் வாயிலும் இருக்கிற ஈறுக் கிருமி இந்தப் பிள்ளைகள் வாயில் தடுப்பார் இல்லாமல் எலும்பு வரைக்கும் போய்விடுகிறது. நீங்கள் பல் விளக்கிவிடாததால் வந்ததில்லை. இனிப்பு கொடுத்ததாலும் இல்லை.

தாய்மாமனைக் கட்டியதைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதனால் ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன். பழுதான மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டும் சேர்ந்தால்தான் நோய் வரும். ஒன்று மட்டும் இருப்பவர் ஆயுசுக்கும் நன்றாக இருப்பார், தெரியவே தெரியாது. சொந்தத்தில் கட்டும்போது ஒரே பாட்டன் வழியாக அதே மரபணு இரண்டு பேரிடமும் இருக்க வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான். ஆகவே இது உங்கள் வீட்டுக் குறையா அவர் வீட்டுக் குறையா என்ற பஞ்சாயத்துக்கே இடமில்லை, இரண்டும் ஒரே வீடு. ஆனால் ஒவ்வொரு பிரசவத்துக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதால், அடுத்த குழந்தைக்கு முன்னால் மரபணு ஆலோசனை கேட்டுவிடுவது நல்லது. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்ததற்கு வராது என்று கணக்குப் போட வேண்டாம், ஒவ்வொரு தடவையும் அதே நாலில் ஒன்றுதான்.

கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது. குழந்தைகள் பல் மருத்துவர், தோல் மருத்துவர், குழந்தை நல மருத்துவர் மூன்று பேரும் ஒரே இடத்தில் கிடைக்கிற மாதிரி பெருந்துறை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கோவை ஜி.எச்-க்கோ போங்கள். வாய் முழுக்க எக்ஸ்ரே, ரத்த அணுக்கள் எண்ணிக்கை, சர்க்கரை எல்லாம் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் மரபணு சோதனை. அங்கன்வாடிக்கு வருகிற பள்ளிச் சிறார் மருத்துவக் குழுவிடம் காட்டினாலும் வழி கிடைக்கும். பிறந்ததிலிருந்து பதினெட்டு வயசு வரைக்குமான இந்தத் திட்டம் 2013-லிருந்து நடக்கிறது, அவர்கள் மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

அந்த நோய்தான் என்றால், டாக்டர் சொல்லப்போகும் ஒரு விஷயம் உங்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும். மோசமான பால் பற்களை எல்லாம் எடுத்துவிடலாம் என்பார். பயப்படாதீர்கள். இந்த நோயில் நாலைந்து வயசுக்குள் பால் பல் முழுக்க விழுந்துவிடும், பல் போனதும் ஈறு தானாக ஆறி அழகாகிவிடும், வீட்டில் எல்லாரும் நோய் போச்சு என்று நிம்மதியாகி மருத்துவமனையை மறந்துவிடுவார்கள். ஆறு வயசில் நிரந்தரப் பல் முளைக்கும், அதே கதை மறுபடி தொடங்கும், விட்டுவிட்டால் பத்தாவது படிக்கிற வயசில் வாயில் பல்லே இருக்காது. அதனால்தான் நிரந்தரப் பல் வருவதற்கு முன்னாலேயே கிருமி ஒளிந்திருக்கிற பால் பற்களை எடுத்து, ஆன்டிபயாடிக் கொடுத்து, சுத்தமான வாயில் புதுப் பல் முளைக்கப் பார்க்கிறோம். எல்லாருக்கும் பலிக்கிறது என்று சொல்ல மாட்டேன். சீக்கிரம் ஆரம்பித்து, விடாமல் வருகிறவர்களுக்குப் பல பற்கள் நிற்கின்றன. இடையில் சின்னதாகப் பல் செட் போட்டுவிடலாம், தாடை வளர வளர மாற்றணும், அதற்குப் பழகிக்கொள்கிற விஷயத்தில் பிள்ளைகள் நம்மைவிட கெட்டி. தோலுக்குக் களிம்பு உண்டு, கூடவே மாத்திரையும் உண்டு, அது தோல் டாக்டர் கண்காணிப்பில் மட்டும். இந்தப் பிள்ளைகளுக்கு உடம்பில் சீழ்க்கட்டி வருகிற வாய்ப்பும் கொஞ்சம் அதிகம், கல்லீரலில் கூட. காரணம் தெரியாத காய்ச்சல் நீடித்தால் இந்த நோய் இருக்கிறது என்று சொல்லியே காட்டுங்கள்.

இன்னொன்று, விழுந்த பல்லை நம்ம பக்கம் சாணியில் பொதிந்து கூரை மேல் எறிந்துவிடுவோம். அடுத்ததை எறியாதீர்கள். சின்ன டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். வேர் முழுசாக இருக்கிறதா என்பதைப் பார்த்தாலே டாக்டருக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பால் பல்லு எப்படியும் விழுகறதுதானுங்களே. பேத்திக்கு ஈறுல சீழ் வருதுன்னு மகன் அஞ்சாறு தடவை டவுனுக்கு அலையறான். அத்தனை செலவு பண்ணோணுமா?
— ஒரு அப்பாரு, கோபி

பண்ணோணுங்க ஐயா. பால் பல்லின் வேர் நுனிக்குக் கீழேயே நிரந்தரப் பல் குருத்து உட்கார்ந்திருக்கிறது, மேலே சீழ் கட்டினால் அதற்கும் பழுது வரலாம். கடைவாய்ப் பால் பல் பத்துப் பன்னிரண்டு வயசு வரைக்கும் நின்று இடம் பிடித்து வைக்க வேண்டியது. அதெல்லாம் இருக்கட்டும், வாயில் சீழோடு பிள்ளை எப்படிங்க சாப்பிடும்?

மகளுக்கு நாலு வயசு. முன்பல் ரெண்டு விழுந்திருச்சு. வலி இல்லை, ரத்தம் இல்லை, ஈறு பார்க்க நல்லா இருக்கு. ஆனா விழுந்த பல்லுல வேர் நீளமா அப்படியே இருக்கு. பல்லை இன்னும் வெச்சிருக்கேன். கால்சியம், வைட்டமின் டி வாங்கிக் குடுத்தா சரியாகுமா? நான் பனியன் கம்பெனி வேலைக்குப் போறேன், அம்மாயிதான் பாத்துக்கறாங்க.
— ஒரு வாசகி, திருப்பூர்

பல்லை எறியாமல் வைத்திருக்கிறீர்கள், ரொம்ப நல்லது. கால்சியத்தையும் வைட்டமின் டி-யையும் இப்போதைக்கு வாங்காதீர்கள், காரணம் பின்னால் சொல்கிறேன்.

ஈறு சிவக்காமல், சீழ் இல்லாமல், முழு வேரோடு பல் விழுந்தால் அது கிருமியால் வந்த ஈறு நோய் இல்லாமல் இருக்கலாம். பல்லின் வேரை எலும்போடு ஒட்ட வைக்கிற ஒரு பூச்சு வேர் மேல் உண்டு. ஹைப்போபாஸ்படேசியா என்ற நோயில் அந்தப் பூச்சே சரியாக உருவாகாது. பிடிமானம் இல்லாத பல் அப்படியே கழன்று வந்துவிடும், பெரும்பாலும் முன்பல்தான் முதலில். சிலருக்குப் பல்லோடு நின்றுவிடும். சிலருக்கு எலும்பும் மெலிந்திருக்கும், கால் வளையும், நடை தள்ளிப்போகும், அடிக்கடி முறியும். உங்கள் மகள் எத்தனை மாதத்தில் நடந்தாள், கால் வலிக்குது என்று ராத்திரியில் அழுவாளா, இதையெல்லாம் அம்மாயிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். பகல் முழுக்கப் பார்க்கிறவர் அவர்தானே.

இதற்கான முதல் சோதனை சாதாரண ரத்தப் பரிசோதனைதான். ஆல்கலைன் பாஸ்படேஸ், எந்த லேபிலும் எடுப்பார்கள், செலவும் கம்மி. இந்த நோயில் அந்த அளவு குறையும். சிக்கல் ரிப்போர்ட்டைப் படிக்கிற இடத்தில் வருகிறது. அந்த அளவு கூடினால்தான் வியாதி என்று எல்லாரும் பழகிவிட்டோம், குறைந்தால் யார் கண்ணிலும் படுவதில்லை. அதோடு வளர்கிற பிள்ளைக்கு அது பெரியவர்களைவிட அதிகமாக இருக்க வேண்டும், எலும்பு வளர்கிறது இல்லையா. பல லேப் ரிப்போர்ட்டில் பக்கத்தில் அச்சடித்திருப்பது பெரியவர்களுக்கான அளவு, சுமாராக 40-லிருந்து 130 வரை. நாலு வயசுப் பிள்ளைக்கு 60 என்று வந்தால் ரிப்போர்ட்டில் நார்மல் என்று இருக்கும், உண்மையில் அது குறைவு. குழந்தைக்கான அளவு என்ன என்று கேட்டு வாங்குங்கள். ஊதா மூடி ட்யூபில் எடுத்த ரத்தத்தில் இந்தச் சோதனை செய்யக் கூடாது, அதில் இருக்கிற மருந்து அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். லேபில் இருப்பவர்களுக்கு இது தெரியும், ஆனாலும் ஒரு வார்த்தை கேட்பதில் தப்பில்லை. குறைவாக வந்தால் இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு, பி6 வைட்டமின் அளவும் பார்ப்பார்கள், இந்த நோயில் அது ஏறியிருக்கும்.

கால்சியம் ஏன் வேண்டாம் என்றால், இந்த நோய் உள்ள சில பிள்ளைகளுக்கு ரத்தத்தில் கால்சியம் ஏற்கெனவே கூடியிருக்கும், நாம் மேலே மேலே கொடுத்தால் கிட்னியைப் பிடிக்கும். சோதனை முடிந்து டாக்டர் சொன்னால் கொடுங்கள். எலும்பு மோசமாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு 2015-லிருந்து ஓர் ஊசி மருந்து வெளிநாடுகளில் இருக்கிறது, விலை நம்மைப் போன்றவர்கள் நினைத்துப் பார்க்கிற விலை இல்லை. ஆனால் பல்லோடு நின்றுவிட்ட பிள்ளைக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது, விழுந்த இடத்துக்குப் பல் செட்டும், எலும்பை அவ்வப்போது பார்த்துக்கொள்வதும் போதும். நிரந்தரப் பற்கள் பலருக்கு நன்றாகவே நிற்கின்றன.

அஞ்சு வயசுப் பையனுக்கு சொத்தைக்கு எக்ஸ்ரே எடுத்தாங்க. சொத்தை சின்னதுதான், கடைவாய்ப் பல்லுக்கு நடுவுல எலும்பு கரைஞ்சிருக்குன்னு சொல்றாங்க. ஈறு பாத்தா ஒண்ணுமே தெரியலை. நம்பறதா?
— ஒரு வாசகர், உடுமலை

நம்புங்கள். ஈறு வெளியே சாதுவாக இருக்கும், உள்ளே எலும்பு கரைந்திருக்கும், இப்படி ஒரு வகையும் உண்டு. பால் கடைவாய்ப் பல்லில்தான் இது அதிகம், எக்ஸ்ரே எடுக்காவிட்டால் தெரியவே தெரியாது. இதில் அதிகம் அகப்படும் கிருமியின் பெயர் அக்ரிகேடிபேக்டர் ஆக்டினோமைசெடெம்கோமிடன்ஸ். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பல்லைப் பிடுங்கிவிடலாம். நோயின் பெயரையும் 2018-இல் மாற்றிவிட்டார்கள், ரிப்போர்ட்டில் பழைய பெயரோ புதுப் பெயரோ எது இருந்தாலும் குழம்ப வேண்டாம்.

வேர் ஓரம் ஆழமாகச் சுத்தம் செய்து, ஆன்டிபயாடிக் சில நாள் கொடுப்பார்கள், ரொம்ப ஆடுகிற பல்லை எடுப்பார்கள். மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். டெட்ராசைக்ளின் வகை மாத்திரை எட்டு வயசுக்கு முன்னால் கொடுத்தால், உள்ளே வளர்கிற நிரந்தரப் பல் ஆயுசுக்கும் பழுப்பாகிவிடும். அக்கா, தங்கச்சி இருந்தால் அவர்களுக்கும், உங்கள் இரண்டு பேருக்கும் ஈறு பார்த்துவிடுங்கள், இந்தக் கிருமி வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகிறது. ஆறு வயசில் நிரந்தரக் கடைவாய்ப் பல் வந்ததும் அதைத் தனியாகக் கண்காணிக்க வேண்டும்.

பொண்ணுக்கு மூணு வயசு. வாய்ப்புண்ணு, ஈறு வீக்கம், காய்ச்சல், நாலஞ்சு நாள்ல தானா சரியாயிடும், மறுபடி வரும். சூடுன்னு சொல்லி எளநி குடுக்கறோம். பொள்ளாச்சியில எளநிக்கா பஞ்சம்.
— ஒரு வாசகி, பொள்ளாச்சி

இளநீர் நல்லதுதான், கொடுங்கள். ஆனால் வீட்டில் மாட்டியிருக்கிற தினசரி காலண்டரை எடுத்து, புண் வந்த நாள்களை வட்டம் போடுங்கள். ஏறக்குறைய 21 நாளுக்கு ஒரு தடவை வருகிறது என்றால் அது சூடு இல்லை. நியூட்ரோபில் என்ற வெள்ளையணு மூன்று வாரத்துக்கு ஒரு முறை அடியோடு இறங்கி ஏறுகிற ஒரு பிறவிக் கோளாறு உண்டு. புண் ஆறிய பிறகு ரத்தம் எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கும், டாக்டரும் நார்மல் என்று அனுப்பிவிடுவார். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வீதம் ஆறு வாரம் எடுத்தால்தான் பிடிபடும். பிள்ளையைக் குத்திக் குத்தி எடுக்க மனசு வராது, தெரிகிறது. காலண்டர் வட்டங்களைக் காட்டினால்தான் டாக்டரும் அதற்குச் சம்மதிப்பார். உறுதியானால் வெள்ளையணுவை ஏற்றுகிற ஊசி இருக்கிறது.

கூடவே ஒரு கேள்விக்கு நினைவுபடுத்திப் பதில் வைத்திருங்கள்: பிறந்தபோது தொப்புள் கொடி எத்தனை நாளில் விழுந்தது? ஒரு மாதம் தாண்டியிருந்தால் அவசியம் சொல்லுங்கள். வெள்ளையணு இருந்தும் கிருமி இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேர முடியாத வேறொரு நோயின் அடையாளம் அது. அதிலும் பால் பல் வந்த உடனேயே ஈறு கெடும்.

ரெண்டு வயசுப் பேரனுக்கு நேத்துக் காய்ச்சல், இன்னைக்கு ஈறெல்லாம் செவந்து கொப்புளம். போராக்ஸ் கிளிசரின் தடவலாமா, கிராம்புத் தைலமா?
— ஒரு அம்மாயி, சத்தியமங்கலம்

இரண்டும் வேண்டாங்க. போராக்ஸ் பிள்ளை வயிற்றுக்குள் போனால் விஷம், கிராம்புத் தைலம் மெல்லிய ஈறைச் சுட்டுப் புண்ணாக்கும், விழுங்கினால் அதுவும் ஆபத்து. ஆடுகிற பல்லுக்கு எருக்கம்பால் வைக்கிற பழக்கமும் இன்னும் சில இடங்களில் இருக்கிறது, கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இப்படித் திடீரென்று வருவது பெரும்பாலும் ஹெர்ப்பீஸ் வைரஸ், முதல் தடவை தாக்கும்போது இப்படித்தான் ஆர்ப்பாட்டம் பண்ணும், பத்துப் பதினாலு நாளில் தடம் தெரியாமல் ஆறிவிடும், எலும்பைத் தொடாது. மூன்று நாளுக்குள் டாக்டரிடம் காட்டினால் வைரஸ் மருந்து தருவதா என்று அவர் பார்ப்பார். ஆறவைத்த கஞ்சி, மோர், இளநீர் எது இறங்குகிறதோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், காரமும் புளிப்பும் வேண்டாம். எட்டு மணி நேரமாக ஒண்ணுக்கே போகவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஈறு வீக்கத்தோடு பிள்ளை வெளுத்துக் கிடந்தாலோ, அடிபடாமலே உடம்பில் நீலம் நீலமாகக் கன்றிப் போயிருந்தாலோ, கழுத்தில் நெறி கட்டியிருந்தாலோ, பல் டாக்டரைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அன்றைக்கே குழந்தை டாக்டரிடம் போய் ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்த்துவிடுங்கள், ரத்தப் புற்றுநோய் சில பிள்ளைகளுக்கு ஈறில்தான் முதலில் தலை காட்டும்.